மூலிகையைக் காய்ச்சுவதா, ஊற வைப்பதா, எண்ணெயில் போடுவதா?

மூலிகை என்று எது கைக்குக் கிடைத்தாலும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, பாதியாக வற்றியதும் வடிகட்டிக் குடிப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். நிலவேம்பும் அப்படித்தான், துளசியும் அப்படித்தான், மஞ்சளும் அப்படித்தான், நெல்லிக்காயைக்கூட அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இதில் சிலவற்றுக்கு அது பொருத்தமான வழி. சிலவற்றில் வேண்டிய பொருள் ஆவியோடு பறந்துவிடும், சிலவற்றில் அது தண்ணீருக்குள் இறங்கவே இறங்காமல் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். அதனால் முறையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: அந்தச் செடியில் நமக்கு வேண்டிய பொருள் எது, அது எதில் கரையும், சூட்டைத் தாங்குமா. இவை தெரிந்துவிட்டால் எந்த முறை என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

எடுக்கும் முறை எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்குச் சீனாவில் நடந்ததைச் சொல்லலாம். மலேரியாவுக்கு மருந்து தேடும் அரசுத் திட்டத்தில் 1969இல் சேர்ந்த டூ யூயூ, பழைய மருத்துவ நூல்களில் இருந்த மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தார். சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை பலன் தந்தது, அடுத்தமுறை தரவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திரும்பப் பார்த்தால், ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருக்கிறது, காய்ச்சச் சொல்லவே இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்தவர், ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்துப் பார்த்தார். 1971இல் 191ஆவது சாறு, எலிகளுக்கு வந்த மலேரியாவை முழுவதுமாக அடக்கியது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. செடி அதே செடிதான்.

மஞ்சளை வைத்து ஒரு சோதனை

எதில் எது கரையும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கால் ஸ்பூன் மஞ்சள் தூள் போடுங்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் மருந்துக் கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட். கலக்கிவிட்டு அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் டம்ளரில் தூள் அடியில் படிந்திருக்கும், மேலே இருப்பது கலங்கலான வெளிர் மஞ்சள். எண்ணெய் தெளிவான பொன்னிறத்துக்கு வந்திருக்கும். ஸ்பிரிட்டோ ஊற்றிய சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு ஓடும் அடர் மஞ்சளாகிவிடும். அந்த நிறம்தான் கர்குமின். தண்ணீரில் அது ஏறத்தாழக் கரைவதே இல்லை. (ஸ்பிரிட் டம்ளர் பார்ப்பதற்கு மட்டும்தான். அதைக் குடிக்கக் கூடாது, அடுப்புப் பக்கமும் வைக்கக் கூடாது.)

மஞ்சளை வெந்நீரில் கலக்கிக் குடிப்பதைவிடக் கொழுப்புள்ள பாலில் காய்ச்சி, மிளகைத் தட்டிப் போட்டுக் குடிப்பது ஏன் மேல் என்பது இப்போது புரியும். மிளகு சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் கர்குமினோடு மிளகில் இருக்கும் பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் கர்குமின் 20 மடங்கு கூடியது. இதே பைப்பரின் நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரைகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டக்கூடும் என்பதால், தினசரி மருந்து எடுப்பவர்கள் இதை வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பொதுவாகப் பார்த்தால் துவர்ப்பு தரும் டானின்கள், வெந்தயத்தில் வருவது போன்ற கொழகொழப்பு, நுரைக்கும் சபோனின்கள், சர்க்கரைகள், உப்புகள் இவையெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். வாசனை எண்ணெய், பிசின், மெழுகு போன்றவை எண்ணெய்க்கும் சாராயத்துக்கும்தான் வரும். ஆல்கலாய்டுகள் (செடிகளில் இருக்கும் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் சேர்மங்கள்) இடையில் நிற்பவை, தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு சேர்ந்தால் கூடுதலாக இறங்கும்.

இடிப்பதும் உலர்த்துவதும்

பச்சை இலையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். ஆகவே பச்சையாக 10 கிராம் என்று சொன்ன இடத்தில் காய்ந்ததை 10 கிராம் போட்டால் அளவு நாலைந்து மடங்கு ஏறிவிடும். இலையை நிழலில் உலர்த்துங்கள், ஒடித்தால் நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், பூஞ்சை பிடிக்கும். உலர்த்துவதிலேயே சரக்கு மாறிவிடும் செடிகளும் உண்டு. இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் காயும்போதும் சூடுபடும்போதும் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் காரமானது. இஞ்சிச் சாறும் சுக்குக் கஷாயமும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாததற்கு இது முக்கியக் காரணம்.

வேரையும் பட்டையையும் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மிக்சியில் மாவாக அரைத்துவிட்டால் அதிகம் இறங்கும் என்று தோன்றும், கொஞ்சம் இறங்கவும் செய்யும், ஆனால் அடியில் கட்டியாகப் படிந்து பிடித்துக்கொள்ளும், வடிகட்டவும் முடியாது. பூண்டு மட்டும் இதில் தனி ரகம். முழுப் பல்லில் அலிசின் கிடையாது. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது, சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் போடுங்கள்.

தண்ணீரில் மூன்று விதம்

முதலாவது குடிநீர், அதாவது கஷாயம். வேர், பட்டை, காய், விதை, கட்டை போன்ற கெட்டியான சரக்குக்கு இதுதான் வழி. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. இப்படிப்பட்ட கலவையை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, சிறு தீயில் காய்ச்சி, நாலில் ஒரு பங்காக வற்ற வைத்து வடிகட்டுவது வழக்கம். பெரிய தீயில் வைத்துச் சீக்கிரம் வற்ற வைத்தால் தண்ணீர் குறையுமே தவிர சரக்கு வெந்து இறங்க நேரம் கிடைக்காது. பாத்திரம் மண்சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும். கடுக்காயை இரும்புச் சட்டியில் போட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும்.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைட் குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது, வெந்நீரில் ஓரளவு வரும், சாராயத்தில் நன்றாக வரும். இதை வைத்து நிலவேம்புக் குடிநீரே வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு டம்ளரைக் குடித்துப் பார்த்தவருக்கு அந்தக் கசப்பு தண்ணீருக்குள் வந்திருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்ல வேண்டாம். முழுவதும் வரவில்லை என்பது உண்மை, தேவையான அளவு வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

இரண்டாவது ஊறல். துளசி, கற்பூரவள்ளி, புதினா, ஓமம் என்று வாசனையுள்ள எதையும் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடாதீர்கள். சமையலறை மணக்கிறது என்றால் மருந்து சமையலறைக்குப் போய்விட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, தட்டால் இறுக்கி மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தட்டைத் தூக்கும்போது அதன் அடியில் நிற்கும் துளிகளை வெளியே உதறிவிடாமல் அதே பாத்திரத்தில் வழித்து விடுங்கள், வாசனை அதில்தான் குவிந்திருக்கும். நன்னாரி வேரும் இப்படித்தான்: நடு நரம்பை எடுத்துவிட்டு, தட்டி, சுடுதண்ணீர் ஊற்றி மூடி, இரவு முழுக்க ஊற விட்டால் மணம் நிற்கும், அரை மணி நேரம் கொதிக்க விட்டால் நிறம் மட்டும் மிஞ்சும். வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போட்டு வைப்பதற்கும், வெந்தயத்தை இரவே ஊறப் போடுவதற்கும் சூடே வேண்டாம்.

மூன்றாவது சாறு. நெல்லிக்காயின் வைட்டமின் சி போலச் சூட்டில் கெடுபவற்றுக்கு இடித்துப் பிழிவதுதான் வழி. இதற்குப் பக்கத்தில் வருவது கற்கம், கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து விழுங்குவது போல. கீழாநெல்லியில் இருக்கும் ஃபில்லாந்தின் என்ற பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாதது, எனவே வடிகட்டி எறியாமல் விழுதை அப்படியே சாப்பிடச் சொன்ன பழைய முறையில் நல்ல யோசனை இருக்கிறது. மஞ்சள் காமாலை என்றால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, காரணம் தெரிய இரத்தப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான பலவீனம் ஆயுள். சித்த மருத்துவத்தில் சாறு, கற்கம், குடிநீர் எல்லாவற்றுக்கும் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம்தான் கணக்கு. சூரணத்துக்கு மூன்று மாதம், மணப்பாகுக்கும் (சர்க்கரைப் பாகில் செய்வது) நெய்க்கும் ஆறு மாதம், எண்ணெய்க்கும் தீநீருக்கும் (ஆவியில் வடித்த நீர்) ஒரு வருடம். இந்த மூன்றும்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும் என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. காலையில் காய்ச்சியதை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் குடிப்பது வேண்டாம்.

எண்ணெயில் இறக்குவது

வெயிலில் இறக்கும் எண்ணெய்க்கு வெட்பாலைத் தைலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெட்பாலை இலையை இரும்புக் கத்தி படாமல் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் மூழ்கப் போட்டு, நல்ல வெயிலில் சில நாள் வைத்தால், பச்சை இலையிலிருந்து எண்ணெய்க்குக் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம் இறங்கும். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் கத்தரிப்பூ நிறத்தில் தெரியும். அடுப்பே இல்லாமல் எடுக்கிற இந்தத் தைலம் சோரியாசிஸுக்கு மேலே பூசுவதற்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பது.

அடுப்பில் காய்ச்சுவதற்கு மரபில் ஒரு கணக்கு உண்டு: அரைத்த விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு அல்லது குடிநீர் 16 பங்கு. கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுகிறவர்கள் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலு லிட்டர் சாறா என்று மலைத்துப்போய் ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொள்வதுண்டு, அதில் நிறம் வரும், கனம் வராது. சாறு கலந்து காய்ச்சுவதில் நல்ல தந்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதனால் இலை கருகாமல் மெதுவாக எண்ணெய்க்கு மாறும். தண்ணீர் தீர்ந்த உடனே எண்ணெயின் சூடு விறுவிறுவென்று ஏறிவிடும், அந்தக் கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

பதம் பார்ப்பது இப்படி: சடசட சத்தம் அடங்கும். அடியில் இருக்கும் வண்டலைக் கரண்டி நுனியில் எடுத்து, ஆறியதும் இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும், அது மெழுகு பதம். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும், படபடத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. திரளாமல் மணலாக உதிர்ந்தால் மணல் பதம், இன்னும் மேலே போனால் கருகல். எண்ணெயில் பதம் நெருங்கும்போது நுரை கிளம்பும், நெய்யில் நுரை அடங்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டால் நெய்யைத் தீய்த்துவிடுவீர்கள்.

ஈரம் மீதமிருப்பது சிக்குவாடை அடிப்பதோடு நிற்கும் விஷயமில்லை. பச்சைப் பூண்டையோ ஈர இலையையோ எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்டுப் பலர் அப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். உள்ளுக்குச் சாப்பிடும் எண்ணெய் என்றால் ஈரம் போகக் காய்ச்சியதாக இருக்கட்டும்.

ஆவியில் வடிப்பது

ஓமத் தீநீர் இப்படி வருவதுதான். பழைய வைத்தியர்களிடம் இதற்கு வாலை என்ற வடிகலம் உண்டு. வீட்டில் பார்க்க ஆசையென்றால் அகலமான பாத்திரத்தின் நடுவில் சின்ன எவர்சில்வர் ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் கிண்ணம் வைத்து, சுற்றிலும் ஓமமும் தண்ணீரும் விட்டு, மூடியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஐஸ் கட்டி வையுங்கள். சிறு தீயில் ஆவி எழும்பி, மூடியில் குளிர்ந்து, நடுவில் வழிந்து கிண்ணத்தில் சொட்டும். கிடைப்பது தெளிந்த தண்ணீர்தான், ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் காரமாக ஏறும்.

வடிப்பதில் வருவது வாசனைப் பொருள் மட்டுமே. கசப்பு, துவர்ப்பு, கொழகொழப்பு எதுவும் ஆவியோடு ஏறாது, பெரும்பாலான ஆல்கலாய்டுகளும் ஏறாது. நிலவேம்பை வடித்தால் கசக்காத தண்ணீர் வரும், அதில் பயனும் இருக்காது. தைல மர இலையும் லெமன் கிராஸும் இந்த முறைக்கே பிறந்தவை. மல்லிகைக்கு நீராவியின் சூடு ஒத்துக்கொள்ளாது, மணம் கெடும் என்பதால் ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு எடுக்கிறார்கள். இன்னொன்று, நீலகிரித் தைலம் மாதிரி வடித்த எண்ணெய்கள் செடியைவிடப் பல மடங்கு செறிவானவை. குழந்தை கொஞ்சமாக விழுங்கினாலே வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாராயமும் ஆலைகளும்

எடுக்கும் திறனை மட்டும் பார்த்தால் தண்ணீர் கலந்த எத்தனாலுக்கு நிகராக வீட்டு முறை எதுவும் கிடையாது. 60, 70 சதவீதக் கலவையில் தண்ணீரில் வருவதும் வரும், பிசினும் வாசனையும் வரும், கெடவும் கெடாது. காய்ந்த சரக்கு 1 பங்குக்கு 5 பங்கு ஊற்றி, ஒரு வாரம் தினமும் குலுக்கி வடிகட்டுவது வழக்கமான அளவு. ஆனால் ரெக்டிஃபைட் ஸ்பிரிட் (வடித்துச் செறிவாக்கிய எத்தனால்) வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் சானிடைசரிலும் ஐசோப்ரொப்பைலோ மெத்தனாலோ இருக்கலாம், மெத்தனால் கண்ணையும் உயிரையும் எடுத்துவிடும். உள்ளுக்குச் சாப்பிட இந்த முறையை வீட்டில் செய்ய வேண்டாம், உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்ததை மருத்துவர் சொன்னால் வாங்குங்கள்.

ஆய்வகங்களில் இருக்கும் சாக்ஸ்லெட் கருவி 1879இல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் பாலின் கொழுப்பை அளக்க உருவாக்கியது. கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்து, சரக்கின் மேல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருக்கும், நன்றாக எடுக்கும், ஆனால் வந்த பொருள் மணிக்கணக்கில் கீழே கொதித்துக்கொண்டிருக்கும். சூடு தாங்காதவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு முறை மேல். 31 டிகிரிக்கு மேல், வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது பாதி வாயு, பாதி திரவம் போல நடந்துகொண்டு எண்ணெய்த் தன்மையுள்ளவற்றைக் கரைத்துவிடும், அழுத்தத்தைக் குறைத்ததும் தானே வெளியேறிவிடும், சரக்கில் கரைப்பான் மிச்சம் நிற்காது. கருவியின் விலைதான் தடை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சத்து எந்த விதியில் இறங்குகிறதோ அதே விதியில்தான் நஞ்சும் இறங்கும். கண்வலிக்கிழங்கின் கால்ச்சிசின், அரளி, ஊமத்தை இவற்றில் மருந்துக்கும் சாவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. இவற்றை எந்த முறையிலும் வீட்டில் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த சரக்கை உலர்த்தி, இடித்து, சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிலவேம்பு என்றால் 5 கிராம் ஒரு பங்கு. ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் இரவு ஊற வையுங்கள், ஒன்றைக் கொதித்த தண்ணீரில் மூடி வையுங்கள், ஒன்றைக் காய்ச்சுங்கள். வடிகட்டிய பின் மூன்றையும் ஒரே அளவுக்கு, 100 மில்லி என்று வைத்துக்கொள்வோம், தண்ணீர் விட்டுச் சமப்படுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒப்பீடே தப்பு.

பிறகு ஒவ்வொன்றிலும் 10 மில்லி எடுத்து, எடை பார்த்த சிறு கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வற்ற விடுங்கள். மிஞ்சும் பழுப்புப் படலத்தை நகைக்கடைத் தராசு போன்ற 0.01 கிராம் தராசில் நிறுத்தால் மொத்தம் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். ஆனால் எடை கூடியதாலேயே மருந்து கூடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் சர்க்கரையும் உப்பும் பசையும்கூட இருக்கும். கடையில் "பத்து மடங்கு எக்ஸ்ட்ராக்ட்" என்று எழுதி விற்பதைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான், குறிப்பிட்ட பொருள் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கசப்புச் சரக்குக்கு நாக்கே நல்ல கருவி. ஒரு மில்லி சாற்றை 10 மில்லியாக நீர்த்து, அதில் ஒரு மில்லியை மறுபடி 10 மில்லியாக நீர்த்து, இப்படியே போய் எந்த நிலையில் கசப்பு மறைகிறது என்று பாருங்கள். வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிட வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே வாயைக் கொப்பளித்துப் பத்து நிமிடம் இடைவெளி விட வேண்டும், நீர்த்ததிலிருந்து தொடங்கிக் கெட்டியானதை நோக்கி வந்தால் நாக்கு மரத்துப்போகாது. கூடுதலாக நீர்த்த பிறகும் கசக்கிறது எதுவோ அதில்தான் கசப்புப் பொருள் அதிகம். மருந்துகளின் கசப்பை அளக்க ஆய்வகங்களிலும் நீர்த்துச் சுவைக்கும் இந்த வழி உண்டு. பூந்திக்கொட்டை போன்றவற்றுக்குச் சோதனைக் குழாயில் குலுக்கி, கால் மணி நேரம் கழித்து நுரை எத்தனை விரற்கடை நிற்கிறது என்று பாருங்கள். கடுக்காய்க்குத் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டால் கறுப்பின் அடர்த்தி சொல்லிவிடும், சோதித்ததைக் கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள்: செடி, எந்தப் பகுதி, பச்சையா காய்ந்ததா, பறித்த மாதம், எத்தனை கிராம், எதில், எத்தனை மணி நேரம். நிலவேம்பில் பூக்கத் தொடங்கும் பருவத்தில் கசப்புப் பொருள் கூடுதலாக இருக்கும், ஆகவே பறித்த மாதம் தெரியாவிட்டால் அடுத்த வருடம் வரும் வித்தியாசம் முறையால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.